ஐந்தாவது ஸ்கேன்

கால்நடை மருத்துவமனை அறையில் மூன்று பேர் இருந்தோம். டாக்டரம்மா ஸ்கேன் மிஷின் முன்னால், விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த நர்ஸ் மேசையின் தலைமாட்டில், நான் கதவோரப் பெஞ்சில். என் நாய் துரையைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில், ஒரே ஒரு கேள்வி கேட்கப் போயிருந்தேன்.

"கட்டிக்குப் போட்ட நாலாவது ஊசிக்கு நான் சரின்னு சொன்னதுதான் அவனைக் கொன்னுடுச்சா?"

"கட்டி கரைஞ்சுதுங்க. மருந்தை இதயம்தான் தாங்கல," என்று டாக்டரம்மா பழைய படங்களைக் காட்டினார். ஊசிக்கு ஊசி இதயத்தின் பலம் இறங்கியிருந்தது: நூற்றுக்கு அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பது, இருபத்தெட்டு. ஐந்தாவதாக ஒரு படம் இருந்தது. அதில் மறுபடி அறுபது. தேதி இன்றையது.

"இது யாரோடது?"

நர்ஸ் முந்திக்கொண்டார்: "துரையோடதுதான் மேடம். காலையில சார்தானே கூட்டிட்டு வந்தாரு? பிஸ்கட்டுக்கு என் கையையே தின்னுருப்பான், களவாணி."

வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே வெளியே கிளம்பியிருந்தார்; காலை முழுக்க நான் வீட்டில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா மிஷினை அணைத்தார்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடியே தங்கைக்கு எழுதி உறையில் போட்டேன். உறையின் பசையை எப்போதும் துரைதான் நக்கித் தருவான். இன்று நான் நாக்கை நீட்டும் முன்பே பசை ஈரமாக இருந்தது. அப்படியே அழுத்தி ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.