எழும்பிய பக்கம்

பந்தயத்தில் முதலாவதாகப் போகும், இரண்டு ஓடங்களை இணைத்துப் பாய் கட்டிய இரட்டைப்படகின் ஒரு பக்கம் தண்ணீரைவிட்டு எழும்புகிறது. அப்படி எழும்பினால்தான் வேகம் என்று வாய் கிழியப் பேசி அதை வடிவமைத்தவர், மகளுக்குத் துணையாக இன்றுதான் அதில் முதன்முதலாக ஏறியிருக்கிறார். பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகள் விண்விண்ணென்று அதிர்கின்றன. கீழே நீர் வெள்ளையாகச் சீறுகிறது. "இறக்கும்மா! ஐயோ, இறக்கு!" என்று அலறியபடி, சுக்கான் பிடித்திருக்கும் மகளின் காலை இரு கைகளாலும் கட்டிக்கொள்கிறார். அவள் பாய்க்கயிற்றைத் தளர்த்துகிறாள். படகு தொப்பென்று நீரில் அமர்கிறது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகிறார்கள். "காத்து குறைஞ்சுடுச்சுப்பா, அதான்," என்கிறாள் மகள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் மெல்ல அவள் காலை விடுகிறார். காற்றின் போக்கை அறிய அவரே கம்பியில் கட்டிவைத்த நீலக் கம்பளி நூல், இருவர் கண்ணெதிரிலும் முன்போலவே காற்றில் விறைப்பாகப் பறந்துகொண்டிருக்கிறது.