ஏறி வந்த தண்ணீர்

“கடல் தண்ணி இங்க வராது ஷியாமளா. பத்து மாசமா இதையேதான் சொல்லிட்டிருக்கேன்.”

நடராஜன் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஷியாமளா சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டாள். மகள் சாதனாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்பா, உங்க நெஞ்சுக்குள்ள இருக்கிறது என்ன, கல்லா? அம்மாவுக்காக ‘வரும்’னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“தண்ணி விஷயத்துல நான் பொய் சொன்னதில்லைம்மா. சொன்னா கப்பல் தரை தட்டிடும்.”

வங்காளத்தில், கிடர்பூர்த் துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடல் தள்ளுவதால் கங்கையில் வெள்ளம் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது வடியும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவர் வேலை. அந்த நேரம் பார்த்துத்தான் கப்பல்கள் கிடர்பூருக்குள் நுழையும்.

மகன் அஷ்வத்தும் கப்பல் வேலைக்குத்தான் போனான். போன வைகாசியில், வங்காள விரிகுடாவில் புயலடித்த ஒரு நாள், மேல்தளத்திலிருந்து தவறி விழுந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து சர்டிபிகேட் மட்டும் வந்தது.

ஷியாமளா காரியம் செய்ய விடவில்லை. ஒரு வேளைதான் சாப்பாடு. மற்ற நேரமெல்லாம் சாமி முன்னால் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், “அவன் விழுந்த தண்ணி ஒரே ஒரு தடவை என் கைக்கு வரட்டும். அப்புறம் செய்ங்க” என்பாள்.

“பூரிக் கடற்கரைக்குப் போயிட்டு வரலாம்மா” என்று சாதனா கெஞ்சிப் பார்த்தாள்.

“நான் எதுக்குடி போகணும்? எப்பவும் அவன்தானே இந்த ஆத்து வழியா வீட்டுக்கு வருவான்.”

அதனால் அமாவாசைதோறும் கங்கைப் படித்துறை. அன்றைக்கு வெள்ளம் பெரிதாக ஏறும். கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆறு அப்படியே திரும்பி மேல்நோக்கி ஓடும். ஷியாமளா இறங்கி, ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்ப்பாள். சப்பென்றிருக்கும். அழுதுகொண்டே பெஹாலாவிலிருக்கும் வீட்டுக்கு ஆட்டோ ஏறுவாள்.

“அது கடல் தண்ணியே இல்லை” என்று நடராஜன் ஒவ்வொரு தடவையும் விளக்குவார். “கடல் கீழேயிருந்து தள்ளுது. இறங்கிப் போன ஆத்துத் தண்ணியேதான் திரும்பி வருது. உப்பு கடல் பக்கமே நின்னுடும்.”

பங்குனி அமாவாசையன்று ஷியாமளாவுக்கு எழுந்தால் தலை சுற்றியது. போக வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக நடராஜனும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“படி வழுக்கும். நீ மேலயே உட்காரு. நான் மொண்டுட்டு வர்றேன்.”

“ஜோவார்! ஜோவார்!” என்று படகுக்காரர் ஒருவர் கத்தினார். வெள்ளம் ஏற ஆரம்பித்துவிட்டது. தெற்கே போன ஆகாயத்தாமரைக் கொத்தெல்லாம் வடக்கே திரும்பிற்று.

நடராஜன் முழங்கால் தண்ணீரில், இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, வெகுநேரம் நின்றார். பிறகு மேலே வந்து சொம்பை நீட்டினார்.

ஷியாமளா உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னம்மா?” என்றாள் சாதனா.

“கரிக்குதுடி.”

நடராஜன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மழை இல்லை பாரு... மேலேயிருந்து வரத்து குறைஞ்சுபோச்சு. அதான்... கடல் ஏறி வந்திருக்கும்.”

ஷியாமளா மிச்சத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள்.

“வந்துட்டான் என் பிள்ளை. வர்ற அமாவாசைக்குக் காரியத்தைச் செஞ்சிடுங்க.”

அவ்வளவுதான். நடராஜன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் கழுவ இறங்கியதும் சாதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் சாய்ந்தாள்.

“அப்பாவோட முப்பத்து நாலு வருஷப் படிப்பே தோத்துப்போச்சு பார்த்தியா! நிஜமாவே கடல் வந்துடுச்சேம்மா!”

“கடல் தண்ணி முதல்ல கரிக்கும், பின்னாலயே கசக்கும்டி. தூத்துக்குடிக் கடல்ல முங்கி வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? இது கசக்கலை. நம்ம அடுப்படி உப்பு.”

சாதனா திகைத்துப் போனாள். “அப்புறம் ஏம்மா வந்துட்டான்னு சொன்னே?”

கீழே முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஷியாமளா.

“அந்த மனுஷன் வேட்டி முனையில உப்பை முடிஞ்சு எடுத்துட்டு வந்திருக்காரேடி... அவன் எனக்கு மட்டுமா பிள்ளை?”