துடைத்த பலகை

ஏழாம் வாய்ப்பாட்டைப் பலகையில் எழுதி முடித்தபோது சாக்பீஸ் பாதியாய்த் தேய்ந்திருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து உரக்கச் சொன்னார்கள்.

"ஒருத்தர்கூட தப்பு விடலை, பார்த்தியா?" என்று பூரித்தது சாக்பீஸ்.

டஸ்டர் மொத்தத்தையும் துடைத்தது. வகுப்பு கப்சிப் ஆனது.

"அடப்பாவி! உடம்பைத் தேய்ச்சு எழுதினேன்டா!"

"பொறு. யாராவது எழுந்து வரட்டும்."

கடைசி வரிசைப் பூவரசி வந்தாள். சாக்பீஸை எடுத்து, ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதினாள். டஸ்டர் துடைத்தது. அவள் நகரவில்லை. உதட்டைக் கடித்தபடி, ஏழேழு நாற்பத்தொன்பதிலிருந்து விரல் மடக்கி எண்ணி, ஐம்பத்தாறு என்று அழுத்தி எழுதினாள்.

இந்த முறை டஸ்டர் தயங்கி நின்றது.

"இப்ப வேணா அழிச்சுக்கோ," என்றது துணுக்காகிப்போன சாக்பீஸ். "இனி அது எங்கே போயிடப் போகுது?"