கொக்கியின் பாரம்

"ஏங்க, 'டோன்ட் ஹேங் அப்'னா என்ன அர்த்தம்? தொங்கவிடாதேன்னா?"

மனைவி இவ்வாறு கேட்டதும், ஓய்வுபெற்ற டெலிபோன் லைன்மேனின் முகம் நான்கு நாட்களில் முதன்முறையாகச் சற்றே மலர்ந்தது. தொலைபேசி என்று பேச்செடுத்தால் அவர் சோற்றையும் மறப்பவர்.

"ஃபோனை வைக்காதேன்னு அர்த்தம். அந்தக் காலத்து ஃபோனெல்லாம் நம்ம வீட்டு ஃபோன் மாதிரி செவுத்துலதான் இருக்கும். ரிசீவரைக் கொக்கியில தொங்கவிட்டா, அந்தக் கனத்துல கொக்கி கீழ இறங்கும், லைன் கட்டாயிடும். அதான் 'ஹேங் அப்'. இப்ப வர்ற ஃபோன்ல கொக்கி போச்சு, செவுரும் போச்சு, பேச்சு மட்டும் நிக்குது."

"கொக்கி இறங்கலேன்னா?"

"லைன் திறந்தே கிடக்கும். வெளியிலேர்ந்து யாரு கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். ஆமா, இங்கிலீஷெல்லாம் எங்க கத்துக்கிட்ட, துரைசானி?"

"ரேடியோவுல கேட்டேன். மொதல்ல மாத்திரையைப் போடுங்க. நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சு ஒரு மாசம்கூட ஆகல."

மகன் வேலைபார்த்த சரக்குக் கப்பல் நடுக்கடலில் மூழ்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. எந்தச் செய்தியானாலும் வீட்டுக்கே தொலைபேசியில் தெரிவிப்பதாக அயல்நாட்டுக் கம்பெனியார் கூறியிருந்தனர். காத்திருக்கப் பொறுக்காமல் அவர் துறைமுக அலுவலகத்திற்கு நடந்தார்.

அறிவிப்புப் பலகையில், கரைசேர்க்கப்பட்ட உடல்களின் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. மூன்றாவது பெயர் மகனுடையது.

வீடு திரும்பியபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமில்ல. இங்க ஃபோன் வந்துச்சா?"

"இல்லீங்க. அவன் வந்துடுவான். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

அந்த நம்பிக்கை அவருடைய ஈரக்குலையை அறுத்தது. ஒற்றைப் பிள்ளை. இந்த ஒரு வேளையாவது அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும். அதற்குள் துக்கம் விசாரிக்க எவரும் அழைத்துவிடக் கூடாது. அவள் அடுப்படிக்குச் சென்ற சமயம் பார்த்து, கொக்கி இறங்காமல் முட்டுக்கொடுக்கத் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்துக்கொண்டு ரிசீவரை மெல்லத் தூக்கினார். கொக்கி எழும்பவில்லை, அது ஏற்கெனவே எழும்பித்தான் நின்றது.

குனிந்து பார்த்தார். கொக்கியின் அடியில் அவளுடைய கொண்டை ஊசி இறுகச் செருகப்பட்டிருந்தது. பக்கத்து அலமாரியில் ரேடியோ, பேட்டரி கழற்றிய வயிற்றைக் காட்டியபடி, ஒரு மாதத் தூசியுடன் கிடந்தது.