பதினேழாம் நம்பர்

மோசஸ் மறுவாழ்வு மையத்தின் சுவரேறிக் குதித்து வீடு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. குடியை விட்டால் போதுமென்று, மையத்தார் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு அவனை வேனில் ஏற்றிவிட்டவள் அவன் மனைவி சாராள்தான். நான்கு மாதத்தில் பாதி ஆளாகத்தான் திரும்பியிருந்தான். முதுகெல்லாம் பைப்பால் அடித்த தடம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து நின்று, "பதினேழு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

"அங்க பேரு கெடையாது. நம்பர்தான்," என்றான்.

பிடித்துப்போக வருவார்களென்று பயந்து, காக்களூர் கம்பெனி வேலைக்கும் போகாமல் சாராள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்தாள். யாரும் வரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, வாராவாரம் போலவே மையத்திலிருந்து போன் வந்தது.

"உங்க ஊட்டுக்காரரு பேசுறாரும்மா. ரெண்டு நிமிஷந்தான்," என்றார் வார்டன்.

அவரு இங்க கீறாரே சார் என்று அவள் வாயெடுப்பதற்குள் மோசஸின் குரல் கேட்டது. "நல்லாக் கீறேன் சாரா." வாராவாரம் சொல்வதுதான். பிறகு குரல் தாழ்ந்தது. "கையெழுத்து போட்டவ நீதானே, நீ வந்தாத்தான் உடுவானுங்க. வந்து கூட்டிக்கினு போயிடு. செத்துருவேன்."

சாராள் திரும்பிப் பார்த்தாள். மோசஸ் பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

போனில் விசில் சத்தம் கேட்டது. ஆட்கள் வரிசையாக எண்ணிக்கை சொல்லத் தொடங்கினார்கள். ஒண்ணு. ரெண்டு. மூணு... பதினாலு. பதினஞ்சு. பதினாறு.

மோசஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். சுவரோடு ஒட்டி நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"பதினேழு," என்றான்.

"பதினெட்டு," என்றது போன்.