அவளோடு பேசுகிறவன்

"காதுல கேக்குதுன்னு சொன்னீங்களே, அது ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆம்பளைதான்," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

கூட உட்காரலாம், ஆனால் குறுக்கே பேசக் கூடாது என்பது டாக்டரம்மாவின் நிபந்தனை. அதில் எனக்குச் சிரமமில்லை. பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும் என்று முப்பது வருஷமாய் அறிவிக்கிறவன் நான். வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வீட்டிலாவது வாய்க்கு ஓய்வு வேண்டாமா?

நான்கு மாதமாக அவள் சமையலறையில் யாருடனோ பேசுகிறாள். பேசினால்கூடப் பரவாயில்லை, சிரிக்கிறாள். என் எதிரில் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். அகப்படவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குணப்படுத்துவதற்காக அவளை இங்கே கூட்டிவரவில்லை. அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். டாக்டர் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

டாக்டரம்மாவோ அவசரமே படவில்லை. இன்று என்ன தேதி, இது எந்த இடம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் வந்தது. எண்பத்தாறுக்குக் கீழே எனக்கே தகராறு. அவள் முப்பது வரைக்கும் இறங்கிவிட்டாள்.

"அவர் திட்டுவாராம்மா? இல்ல, ஏதாவது செய்யச் சொல்வாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. சாப்பிட்டியான்னு கேப்பாரு. முட்டி வலி எப்படி இருக்கும்பாரு. பக்கத்து வீட்டுக் கதையச் சொன்னா கடைசி வரைக்கும் கேப்பாரு."

முட்டி வலியா? எனக்கே தெரியாத முட்டி வலி அந்தப் பயலுக்கு எப்படித் தெரிந்தது?

ஒவ்வொருவனாக நினைத்துப் பார்த்தேன். மாடியில் குடியிருக்கும் தையல்காரரா? அவர் வாயில் எந்நேரமும் குண்டூசி இருக்கும். அவளுக்கு அத்தை மகன் ஒருவன் உண்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று அந்தக் காலத்தில் ஒற்றைக்காலில் நின்றவன். இப்போது அவனுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் காதுக்குள் பேசப் பல் எதற்கு? அவன்தான் என்று முடிவு கட்டினேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அது யார் குரல்னு அடையாளம் தெரியுதாம்மா?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"தெரியாம என்ன டாக்டர்?" அவள் என் பக்கம் திரும்பவில்லை, கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். "இவரு குரல்தான். ஆனா மைக்குல பேசற மாதிரி இருக்காது."

டாக்டரம்மா பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

இதைக் கேட்டதும் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை, கூடிவிட்டது. என் குரலை எடுத்துக்கொண்டு அவன் நல்ல பேர் வாங்கியிருக்கிறான்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் குரல் அடங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. அவள் முகம் வாடிவிட்டது. கடைசி வண்டி போய்விட்டது என்று நான் அறிவிக்கும்போது அப்படிப்பட்ட முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் அவள் பல்லில் படவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்து வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். உட்காரும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

இடது முட்டி.

கேட்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தொண்டையைச் செருமினேன். மைக் இல்லாமல் பேச எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள். கவனமாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"இன்னும் இல்லீங்க," என்றாள். "இப்பத்தானே ரத்தம் எடுத்தாங்க. இனிமேதான் சாப்பிடணும்."

நான் இன்னும் கேட்கவே இல்லை.