மெத்தென்ற லைனிங்

"பயப்படாதேக்கா. மொதல்ல நான் படுக்கறேன், நீ பாரு" என்று சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு தம்பி கட்டிலில் ஏறிவிட்டார்.

ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தது அக்காவுக்கு. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க. அறுபதைத் தாண்டிய மனுஷி, உள்ளே வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல நின்றார்.

சீட்டு இல்லாதவருக்கு ஸ்கேன் எடுக்கக் கூடாது. ஆனால் வெளியே கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, எனக்கும் பொறுமை போய்விட்டது. சும்மா வைத்துக் காட்டித் தொலைப்போம் என்று தம்பியின் கழுத்தில் ஜெல்லைத் தடவினேன்.

"ஜில்லுனு இருக்கு. அவ்வளவுதான்க்கா."

தையல்காரராம். படுத்த வாக்கிலேயே என் கோட்டின் காலரைப் பார்த்து, யார் தைத்தது இந்த அநியாயத்தை என்று கேட்டார்.

கழுத்தின் வலது பக்கம் வந்ததும் என் கை நின்றது.

அடைப்பு நாற்பது சதவீதம்தான். அந்த எண்ணைக் கேட்டால் யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த படிவு திரையில் கறுப்பாகத் தெரிந்தது. சுண்ணாம்பு ஏறிக் கெட்டியானது வெள்ளையாகத் தெரியும். அது பெரும்பாலும் சுவரோடு சுவராகக் கிடக்கும். இது மெத்தென்ற கொழுப்பு. மேல்தோல் மெலிந்து, ஓரிடத்தில் பிய்ந்தும் இருந்தது. அங்கிருந்து ஒரு துணுக்கு கழன்றால் நேராக மூளைக்குத்தான் போகும்.

"எவ்வளவு மேடம்?"

"நாப்பது."

"பார்டர் பாஸ்" என்றார். "கெட்டியா இருக்கா?"

வாய் முந்திக்கொண்டது. "இல்ல, சாஃப்ட்டா..."

"கேட்டியாக்கா? உள்ள மெத்துன்னு லைனிங் குடுத்திருக்காம். மொடமொடன்னு இருந்தாத்தானே கழுத்தை அறுக்கும்."

காலம் முழுக்கச் சட்டை தைத்தவருக்கு மெத்தென்பது நல்ல சொல். நான் திருத்தவில்லை. முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அப்படி ஒரு விதி இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அக்கா சிரிக்கவில்லை. தாகமாக இருக்கிறது என்று சொல்லித் தம்பியைத் தண்ணீர் வாங்க அனுப்பினார்.

"இப்ப நீங்க படுங்கம்மா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தலை சுத்துதுன்னு பொய் சொல்லித்தான் சீட்டு வாங்கினேன். அவனுக்குன்னா வரமாட்டான். எனக்குன்னா ஓடி வருவான்."

நான் கையிலிருந்த ஸ்கேன் கருவியைக் கீழே வைத்தேன்.

"ஒரு வாரமா, தைக்கறப்போ துணி இடது கையிலேருந்து நழுவுது. வழுக்குதுன்னு துணி மேல பழி போடறான். காடாத் துணி எங்கம்மா வழுக்கும்?" அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "எங்கப்பாவுக்கும் நாப்பதுதான்னு சொன்னாங்க. சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம்."

டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே அட்மிட் செய்ய வேண்டும், ஆளை வெளியே விடாதே என்றார்.

தம்பி திரும்பி வந்தபோது அக்கா கட்டிலில் படுத்திருந்தார். கழுத்தில் ஜெல்லை அவரே அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் அடைப்பாம்டா. இங்கேயே தங்கணுமாம்." குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பில்லை. "என்னை விட்டுட்டு எங்கேயும் போயிடாதே."

தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. தண்ணீர் பாட்டிலை இடது கையில் பிடித்திருந்தார். நானும் அக்காவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அழாதேக்கா" என்றார். "நான் எங்க போகப் போறேன்."